வானத்து மடையை யார் திறந்தது?



லண்டன்ல வேலை பாக்கிற பங்காளி மகன் பொங்கலுக்கு வந்திருந்தப்போ ஒரு கேள்வி கேட்டான். "ஏனுங் சித்தப்பா, அங்கெல்லாம் டிஷ்ஷு எதிர்வீட்டுச் சுவரைப் பாத்துட்டு நிமுந்து நிக்கும். இங்க என்ன எல்லா வீட்லயும் முறம் மாதிரி மல்லாந்து கிடக்குது? காத்துக்குச் சாஞ்சு போச்சுங்களா?"

சாயவில்லை. நம்ம ஊர் டிஷ் அப்படித்தான் இருக்க வேண்டும். டிவி சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பூமி சுற்றும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால் நமக்கு ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். லண்டன்காரர்கள் பூமத்திய ரேகையிலிருந்து ரொம்ப வடக்கே இருக்கிறார்கள். அவர்கள் டிஷ் தொடுவானத்திலிருந்து 25 டிகிரி தூக்கிப் பார்த்தால் போதும். ஈரோட்டுப் பக்கம் இருக்கும் நாங்கள் 11 டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம். கிழக்கு 83 டிகிரியில் நிற்கும் செயற்கைக்கோளைப் பிடிக்க 75 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட உச்சி. அதனால்தான் மல்லாந்து கிடக்கிறது. வேப்பிலை, புளியிலை, காக்கை எச்சம் எல்லாம் அதில் விழுவதும் அதனால்தான்.

இதில் எங்களுக்கு ஒரு யோகமும் இருக்கிறது. எங்க மஞ்சள் காட்டு வரப்பில் நின்று பார்த்தால் (கண்ணால் இல்லை, டிஷ்ஷால்) மேற்கே ஆப்பிரிக்காவுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து கிழக்கே நியூ கினிக்கு மேலே நிற்பது வரைக்கும் ஒரு வில் மாதிரி வானத்தில் வரிசை கட்டி நிற்கும். மலை மறைக்காது, மாடி மறைக்காது. தென்னை மட்டும் மறைக்கும். இத்தனையும் நம்ம தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தாலும், எந்தக் காலத்தில் நாங்கள் எதைப் பார்த்தோம் என்பதை, டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்தவர்தான் தீர்மானித்தார். வாய்க்காலில் தண்ணீர் எப்பவும் ஓடும். மடை யார் கையில் இருக்கிறது என்பதுதானே பேச்சு? அந்த மடையின் கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதல் மடை அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி 'சைட்' என்ற ஒரு சோதனையை இஸ்ரோ தொடங்கியது. நாசாவின் ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, ஏறத்தாழ 2,400 கிராமங்களில் பொது இடத்தில் டிவி வைத்து, விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் எல்லாம் காட்டினார்கள். வானத்திலிருந்து நேராகக் கிராமத்து டிவிக்கு. இப்போ நாம் டி.டி.எச். என்று சொல்லும் சமாச்சாரத்தை அந்தக் காலத்திலேயே, மின்சாரம் சரியாக எட்டாத ஊர்களில் செய்து பார்த்துவிட்டார்கள். டிஷ்ஷுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியை வைத்து 3 மீட்டர் குடை கட்டினார்கள். எனக்கு விஞ்ஞானிகள் மேல் மரியாதை வந்த இடங்களில் இது ஒன்று.

ஆனால் அந்த 2,400 ஊர்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. ஆந்திரா, கர்நாடகா, ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஆறு மாநிலங்களைத்தான் எடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில் ஒரு குடை இருந்தது, அது கொழும்பில். நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அங்கேதான் குடியிருந்தார். அவர் வீட்டுக்கு இந்திய அரசு ஒரு டிஷ்ஷைக் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தது. இந்தியக் கிராமங்களுக்கான நிகழ்ச்சியை அவர் இலங்கையில் உட்கார்ந்து பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஆனால் அது கோபுரத்து ஒளிபரப்பு. சென்னையைச் சுற்றித்தான் தெரியும். எங்க பக்கத்துக்கு டிவி என்பதே அப்போது கேள்விப்பட்ட சங்கதிதான்.

1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி போன பிறகுதான் நிலைமை மாறியது. ஊர் ஊருக்குச் சின்னச் சின்ன ஒளிபரப்புக் கோபுரங்கள் நட்டார்கள். அந்தக் கோபுரம் இன்சாட்டைப் பார்த்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கும், நாம் கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்புவோம். எங்களுக்குப் படம் தெளிவாகக் கிடைத்தது கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு. மலை உச்சியில் இருந்ததால் அது வெகுதூரம் எட்டியது. இருபது அடி ஜி.ஐ. பைப், அதன் உச்சியில் மீன்முள் மாதிரி அலுமினிய ஆன்டெனா, கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டில் பூஸ்டர். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்தவர்கள் அதே பைப்பைக் கிழக்கே திருப்பி, 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தார்கள். பைப்பைத் திருப்பினால் வேறு நாடு தெரியும் என்பதை முதலில் அனுபவித்தவர்கள் அவர்கள்தான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டெல்லி காட்டுவதைப் பார்த்தோம், இந்தி புரியாவிட்டாலும் பார்த்தோம். 'வயலும் வாழ்வும்' போடும்போது அப்பாரு மட்டும் முன்னால் வந்து உட்காருவார்.

ரெண்டாவது மடை திறந்தது 1991இல். ஜனவரியில் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்ட, பெரிய நகரத்து ஓட்டல்கள் டிஷ் வைத்துப் பிடித்தன. அதே வருஷம் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தது, ஏசியாசாட் 1 வழியாக. இந்த ஏசியாசாட்டின் கதை தனிக்கதை. 1984இல் வெஸ்டார் 6 என்ற பெயரில் அமெரிக்காவில் ஏவி, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே நின்றுபோன செயற்கைக்கோள் அது. டிஸ்கவரி ஓடத்தில் போனவர்கள் அந்த வருஷம் நவம்பரில் அதைக் கையால் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து விற்று, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடியும் ஏற்றினார்கள். ஆக இந்தியாவின் தனியார் டிவி யுகம் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியில்தான் வந்து இறங்கியது. பழைய டிராக்டர் வாங்கி உழுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிச் சந்தோஷம். 1992 அக்டோபரில் ஜீ டிவி அதில் ஏறியது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது.

எங்க ஊரில் இந்த மடையைத் திறந்தவர் டெக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அண்ணன். கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்றால் கலர் டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் அவரிடம்தான் எடுப்பார்கள். பிறகு அவரே தன் வீட்டில் டெக்கை ஓட்டி, கேபிள் இழுத்து நாற்பது ஐம்பது வீடுகளுக்கு ராத்திரி ரெண்டு படம் போட்டார். அப்புறம் டிஷ் வாங்கினார். முதலாவது பன்னிரண்டடிக் குடை. அதை ஏற்றுவதற்கு மாட்டுக்கொட்டாயில் இருந்த மூங்கில், கிணத்துச் சகடை, பத்து ஆள். தேர் நிலைக்கு வந்த மாதிரிக் கூட்டம். அதிலிருந்து எங்க பேச்சில் டிஷ்ஷுக்குப் பெயர் 'குடை'தான்.

வெளியூர் நண்பர்களுக்குக் கேபிள் என்றால் ஒரு கம்பி, அவ்வளவுதான். ஆனால் கம்பியின் அந்த முனையில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு குடை ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும். ஸ்டாருக்கு 105.5 டிகிரி. 1995க்கு மேல் 68.5 டிகிரியில் பி.ஏ.எஸ். 4 வந்தது, அதற்கு ஒரு குடை. தூர்தர்ஷனுக்கு இன்சாட் பக்கம் ஒன்று. தாய்லாந்தின் தாய்காம் 78.5 டிகிரியில், அதற்கு ஒன்று. அண்ணன் வீட்டு மாடியில் நாலு குடை, நாலும் நாலு திசை. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவார். வீட்டுக்காரர் டிவியில் பட்டனை அழுத்துகிறார். அண்ணன் வீட்டில் நாலு செயற்கைக்கோள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பல செயற்கைக்கோள்களைச் சேர்த்து வீட்டு டிவிக்குக் கொண்டுவருவது என்ற வித்தையை எங்களுக்குக் காட்டியது அந்த மாடிதான்.

அதே நேரம், எதைப் பார்ப்பது என்பதும் அந்த மாடியில்தான் முடிவானது. புதிதாக ஒரு தமிழ்ச் சேனல் வேறு செயற்கைக்கோளில் வந்தால் இன்னொரு குடை வாங்க வேண்டும். நூறு வீட்டுக்காரரிடம் மாசம் அம்பது ரூபாய் வாங்குகிறவர் அதை யோசித்துத்தான் செய்வார். ஒரு சேனல் செயற்கைக்கோள் மாறிவிட்டால் நாலு நாள் கருப்பாக இருக்கும். அண்ணன் வீட்டில் கரண்ட் போனால் எங்க வீட்டில் கரண்ட் இருந்தும் டிவி இருக்காது. 1995இல் கேபிளுக்கென்று மத்திய அரசு சட்டம் போட்டது. தலைமைத் தபால் நிலையத்தில் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். தபால் ஆபீசில் டிவிக்கு என்ன வேலை என்று அண்ணன் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு சிக்கல்தான் முக்கியமானது. கொங்கு நாட்டில் பாதிப் பேர் ஊருக்குள் இருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் சாளை கட்டிக் குடியிருப்போம். சாளை என்றால் காட்டுக்குள் இருக்கும் வீடு. ஒரு சாளைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ரெண்டு கிணறும் ஒரு ஓடையும் இருக்கும். ஒரு வீட்டுக்காக ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்து, வழியில் ரெண்டு பூஸ்டர் வைத்து, அதை எலியும் அணிலும் கடிக்காமல் பார்த்துக்கொள்ள எந்தக் கேபிள்காரருக்குக் கட்டும்? அண்ணனைக் குறை சொல்ல முடியாது. கம்பி ஊர் எல்லையோடு நின்றுவிட்டது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசக் கலர் டிவி எங்க சாளை வரைக்கும் வந்தது, பதினாலு அங்குலம். ஆனால் அதில் பார்ப்பதற்கு வேண்டிய கம்பி வரவில்லை. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பதிவானது. 2011 செப்டம்பரில் அது மறுபடி உயிர்பெற்று, மாசம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. 70 ரூபாய் கேபிள் என்பது நல்ல காரியம்தான். அதுவும் கம்பிதான்.

கம்பி இல்லாத வீட்டுக்கு வானம்தான் வழி. ஆனால் அந்த வழியைக் கொஞ்ச காலம் அரசாங்கமே அடைத்து வைத்திருந்தது. சின்னக் குடையில் நேராக வீட்டுக்கே கொடுக்கும் திட்டத்தோடு முர்டாக்கின் ஐஸ்கைபி வந்தபோது, 1997 ஜூலையில் ஒரு அறிவிப்புப் போட்டு டி.டி.எச்.சுக்குத் தடை விதித்தார்கள். 2000 நவம்பரில்தான் அனுமதித்தார்கள். 2003இல் முதல் தனியார் சேவை. 2004 டிசம்பரில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த டி.டி. டைரக்ட் பிளஸ், மாசச் சந்தா கிடையாது, பெட்டியும் குடையும் வாங்கினால் போதும். இப்போது அதன் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ். அடுத்தடுத்து மற்ற கம்பெனிகளும் வந்தன.

குடை எப்படிப் பன்னிரண்டடியிலிருந்து ரெண்டடியாகச் சுருங்கியது? அண்ணன் குடை பிடித்தது சி பேண்ட், அலை நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். புதியது கேயூ பேண்ட், ரெண்டரை சென்டிமீட்டர்தான். அலை சின்னது, அனுப்பும் சக்தியும் அதிகம், அதனால் குடையும் சின்னது. அதற்கு விலையும் உண்டு. ரெண்டரை சென்டிமீட்டர் அலை கனமழையில் கரைந்துபோகும். எங்களுக்குச் செயற்கைக்கோள் இருப்பது தென்கிழக்கு வானத்தில். ஐப்பசி மழை அந்தப் பக்கமிருந்து ஏறி வரும்போது, சாளையில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்னாலேயே படம் கட்டம் கட்டமாக உடையும். ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெய்கிற மழையே சிக்னலை மறித்துவிடுவதுதான் காரணம். களத்தில் மஞ்சள் காய்கிறபோது இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. படம் உடைந்தால் டிவியைத் திட்டமாட்டோம், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், பகலில் சில நிமிஷம் படம் காணாமல் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால் அந்த இரைச்சலில் சிக்னல் கேட்காது. அதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தானாகச் சரியாகும்.

ஆக டி.டி.எச். வந்ததும் மடை எங்க கைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. அண்ணன் நாலு குடை வைத்திருந்தார். கம்பெனிக்காரர் ஒரு குடையைத் தன்னுடைய செயற்கைக்கோளைப் பார்த்து முறுக்கிவிட்டுப் போய்விடுவார். பூட்டுப் போட்ட சேனல்கள், சாவி அவர் கொடுக்கும் அட்டையில். அந்தச் செயற்கைக்கோளுக்கு ஏதாவது ஆனால் நம்ம கதி அவ்வளவுதான். 2010 ஜூலை 7ஆம் தேதி இன்சாட் 4பி செயற்கைக்கோளில் சூரியமின் கோளாறு வந்து, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. 93.5 டிகிரியைப் பார்த்துக்கொண்டிருந்த ஏகப்பட்ட குடைகளை 91.5 டிகிரிக்குத் திருப்ப வேண்டி வந்தது. ரெண்டே ரெண்டு டிகிரி. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஏறித் திருப்ப வேண்டும். டவுனில் மறுநாள் ஆள் வந்திருப்பார். காட்டுச் சாளைக்கு யார் வருவார்? எங்க பக்கத்துப் பையன்கள் அந்த வாரம்தான் குடை திருப்பக் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தன் மாடியில், ஒருத்தன் டிவி முன்னால். "வந்துச்சா?" "இல்லீங்." "இப்ப?" "வந்துச்சு, வந்துச்சு... போச்சுங்." அரைமணி நேரத்தில் படம் வந்தது. வந்ததும் அவர்களுக்கு அடுத்த கேள்வியும் வந்தது. ரெண்டு டிகிரி தள்ளி ஒன்று இருக்கிறது என்றால், பத்து டிகிரி தள்ளி என்ன இருக்கிறது?

இங்கிருந்துதான் மூன்றாவது மடை. ஒரு குடை ஒரு செயற்கைக்கோள் என்று நான் மேலே சொன்னது கேபிள்காரர் கணக்கு. உண்மையில் குடை எல்லாத் திசையிலிருந்தும் வருவதை வாங்கி எதிரொளிக்கத்தான் செய்கிறது. நேரே இருக்கும் செயற்கைக்கோளின் ஒளி நடுப்புள்ளியில் குவியும். கிழக்கே தள்ளி இருப்பதன் ஒளி கொஞ்சம் மேற்கே தள்ளிக் குவியும். அந்த இடத்தில் இன்னொரு எல்.என்.பி. வைத்தால் (குடைக்கு முன்னால் கை நீட்டி நிற்கும் கொண்டைதான் எல்.என்.பி.) அதையும் பிடிக்கலாம். ரெண்டடிக் குடையில் 83க்கும் 93.5க்கும் நடுவில் வரும் தூரம் ஏறத்தாழ நாலு விரல்கடை. தகரப்பட்டை ஒன்றை வளைத்து, போல்ட் போட்டு வைத்துவிடலாம். 91.5உம் 93.5உம் அப்படி முடியாது. அங்கே தூரம் ஒரு விரல்கடைக்கும் குறைவு, எல்.என்.பி.யின் வாயே அதைவிடப் பெரிசு.

இத்தனை எல்.என்.பி.க்கும் தனித்தனிக் கம்பி டிவி வரை இழுக்க வேண்டாம். டைசெக் ஸ்விட்ச் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. நாலு கம்பி உள்ளே, ஒரு கம்பி வெளியே. ரிமோட்டில் சேனல் மாற்றியதும் ரிசீவர் அதே கம்பி வழியாக 22 கிலோஹெர்ட்ஸில் ஒரு சின்ன சங்கேதம் அனுப்பும். ஸ்விட்ச் அதைப் படித்து வேண்டிய வாய்க்காலைத் திறந்துவிடும். அந்தக் கம்பியில் 13 வோல்ட் போனால் நிமிர்ந்து வரும் அலை, 18 வோல்ட் போனால் படுத்து வரும் அலை. படம் வரும் அதே கம்பியில்தான் கரண்டும் போகிறது, கட்டளையும் போகிறது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து கோயம்புத்தூர் கடைகள் வரை சல்லிசாகக் கிடைக்கும். ஒரே குடைக்கு மோட்டார் வைத்துத் திருப்புகிறவர்களும் உண்டு. பூமியின் அச்சுக்கு இணையாக அந்த மோட்டாரின் அச்சு நிற்க வேண்டும். 11 டிகிரியில் இருக்கும் நமக்கு அது கிட்டத்தட்டத் தரையோடு வடக்குத் தெற்காகப் படுத்துவிடும். குடை தூளி மாதிரிக் கிழக்கும் மேற்குமாக ஆடும். பார்க்க அழகாக இருக்கும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு வேலை என்று டவுன் நண்பர்கள் நினைக்கலாம். தமிழ் பார்க்கிறவனுக்கு அப்படி இல்லை. ஃப்ரீ டிஷ் இந்தி பேசும் ஊர்களில் பிரமாதமாக ஓடுகிறது. ஒரே குடையில் படம், செய்தி, பாட்டு எல்லாம் இலவசம். ஏனென்றால் அதில் இடம் ஏலத்தில் எடுக்கும் தனியார் சேனல்கள் பெரும்பாலும் இந்திச் சேனல்கள். தமிழுக்கு அதில் தூர்தர்ஷனும் சொற்பச் சேனல்களும்தான். இத்தனைக்கும் நம்ம தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை கட்டணமில்லாச் சேனல்கள்தான். கேபிள்காரர் பிடிப்பதற்காக அவை சி பேண்டில், வேறு வேறு செயற்கைக்கோளில் இருக்கின்றன. தென்னிந்தியச் சேனல்கள் நிறைய இருப்பது 66 டிகிரியில், இன்டெல்சாட் 17இல். ஆகவே பீகாரில் ஒரு விவசாயிக்கு ரெண்டடிக் குடை ஒன்று போதும். சந்தா கட்டாமல் தமிழ்ச் செய்தி கேட்க நினைக்கும் கொங்குச் சாளைக்காரனுக்கு 93.5க்கு ஒரு சின்னக் குடை, 66க்கு ஒரு எட்டடி வலைக்குடை, ரெண்டையும் சேர்க்க டைசெக் ஒன்று. வானத்தில் எல்லாருக்கும் ஒரே தூரம்தான். ஆனாலும் எங்களுக்குக் கூலி அதிகம்.

அந்தக் கூலி வீண்போகாத ஒரு வருஷம் 2020. பள்ளிக்கூடம் பூட்டியதும் பாடம் டிவிக்கு வந்தது. கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளில் 200ஆவது எண். ஊருக்குள் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். கம்பி எட்டாத சாளைப் பிள்ளைகளுக்கு அந்த எண் இல்லை. செல்போனில் பார்க்கலாம் என்றார்கள். கிணத்துமேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு டவர் கிடைக்கும் இடத்தில் என்ன பார்ப்பது? சில தனியார் தமிழ்ச் சேனல்களும் குறித்த நேரத்தில் பாடம் போட்டன. எங்க பக்கம் எட்டடிக் குடை இருந்த சாளை மொத்தம் மூன்று. மூன்று திண்ணையிலும் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி ஓடையைத் தாண்டி நடந்து வந்து, கணக்குப் பாடம் முடிந்ததும் மாடு பிடிக்கப் போய்விடுவாள். அந்த வருஷம் அந்த மூன்று குடையும் இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடமே கிடையாது.

இப்போது அந்த எட்டடிக் குடைக்கும் சோதனை வந்திருக்கிறது. சி பேண்ட் டிவி வருவது 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே 3.67 வரைக்கும் உள்ள இடத்தை 2022 ஏலத்தில் 5ஜிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய எல்.என்.பி. கீழே உள்ளதையும் சேர்த்தே வாங்கும். பக்கத்தில் 5ஜி கோபுரம் வந்தால், 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் முனகலை ரெண்டு கிலோமீட்டரிலிருந்து வரும் கூச்சல் அமுக்கிவிடும். வடிகட்டி வைத்த எல்.என்.பி. கிடைக்கிறது, விலைதான் கூட. செல்போனில் எல்லாம் வருகிறதே, குடை எதற்கு என்று பையன்கள் கேட்கிறார்கள். டவர் வந்தால் குடை போகும், டவர் வராத வரைக்கும் செல்போனில் ஒன்றும் வராது. நடுவில் இருக்கிறோம்.

மூன்று குடையில் ஒன்று போன ஆடிக் காற்றில் கழன்று விழுந்தது. அதைத் திருப்பி ஏற்ற ஆள் இல்லை, இப்போது அதில் வெங்காய வடகம் காய்கிறது. வலைக்குடை என்பதால் அடியிலும் காற்றோட்டம், சீக்கிரம் காய்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். கேபிள்கார அண்ணனுக்கு வயசாகிவிட்டது, மகன்தான் பார்க்கிறார். அவர் ஃபைபர் இழுத்து நெட்டும் டிவியும் சேர்த்துக் கொடுக்கிறார். போன வாரம் மாரியம்மன் கோயில் முக்கில் பார்த்தபோது, எங்க சாளை வரைக்கும் இழுக்க முடியுமா என்று கேட்டேன். எத்தனை மீட்டர் என்று கேட்டார், ஆயிரத்து இருநூறு என்றேன். ஆட்காட்டி விரலால் காற்றில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாலு சாளை சேருமானு கேட்டுச் சொல்லுங் மாமா, பாக்கலாங்" என்றார். ரெண்டு சாளைக்காரர் சரி என்றிருக்கிறார்கள்.